பேனா உள்ள பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டி போட்டேன்

பிளஸ் டூ கரிம வேதியியலைக் கீபோர்டில் தட்டி நடத்த முடியாது. பென்சீன் வளையம் வரைய வேண்டும், எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று வளைந்த அம்புக்குறி போட வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டியூஷன் எடுக்கும் நான் திங்க்பேட் எக்ஸ்220 டேப்லெட்டை விடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான். 2011இல் வந்த மாடல். 12.5 அங்குலத் திரையை நடுக்கீலில் திருப்பிக் கீபோர்டின் மேல் படுக்க வைத்தால் சிலேட்டு மாதிரி கையில் பிடித்துக்கொள்ளலாம். அதனோடு வரும் வாக்கம் கம்பெனிப் பேனாவுக்குப் பேட்டரியே வேண்டாம். திரைக்குப் பின்னால் இருக்கும் பலகையின் மின்காந்தப் புலத்திலிருந்தே சக்தியை எடுத்துக்கொள்ளும். அழுத்தினால் கோடு தடிமனாக விழும், லேசாக இழுத்தால் மெலிசாக விழும். இத்தனை வருஷம் கழித்தும் அதில் ஒரு குறையும் இல்லை.

போனது வேகம்தான். ஆன் செய்துவிட்டு வருகைப் பதிவை எடுத்து முடித்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "மிஸ், நேத்து போட்ட பக்கத்தைக் காட்டுங்க" என்று பிள்ளைகள் கேட்டால், அது திறப்பதற்குள் அவர்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் எல்லாரும் புதுசு வாங்கு என்றார்கள். ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசஸர் சும்மா இருந்தது, டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் நின்றது. அப்படியானால் மாற்ற வேண்டியது எது என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

கோப்புகளைச் சேமிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குள் தகடு நிமிஷத்துக்கு 7200 முறை சுற்றுகிறது. அதைப் படிக்கும் தலை ஒவ்வொரு துண்டு கோப்புக்கும் நகர்ந்து போய் நிற்க வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து மில்லி செகண்டுக்கும் மேல் ஆகும். எஸ்எஸ்டி கோப்புகளைச் சிப்பிலேயே சேமிக்கிறது, அதில் நகரும் பாகமே கிடையாது, அதே வேலை சுமார் 0.1 மில்லி செகண்டில் முடிந்துவிடும். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைத்தான் படிக்கிறது. எஸ்எஸ்டி பெட்டியில் போட்டிருக்கும் செகண்டுக்கு 550 எம்பி வேகத்தை விட இந்தச் சின்னப் படிப்புகள்தான் நம் கைக்குத் தெரியும்.

டேப்லெட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. இந்த லேப்டாப்பில் அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. கீழே விழப்போவதாகத் தோன்றினால் தகட்டில் கீறல் விழாமல் டிஸ்க்கின் தலையை ஓரமாக ஒதுக்கிவிடும். ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனால் நான் அதை இடது கையில் ஏந்திக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடியே எழுதுகிறவள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் டிஸ்க் ஒதுங்கும், நான் புரட்டிய பக்கம் திறக்காமல் நிற்கும். கையில் தூக்கிக்கொண்டு நடக்கும் கருவிக்குள் சுற்றும் தகடு இருக்கவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

பஸ் பிடித்துப் புதுச்சேரி போனேன். கடைத் தம்பி முதலில் எடுத்து வைத்தது எம்.2 என்கிற மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டி. "அக்கா, இதுதான் இப்ப ஃபாஸ்ட்" என்றார். உண்மைதான், ஆனால் எக்ஸ்220இல் அதற்கு இடமே இல்லை. இதற்கு வேண்டியது பழைய டிஸ்க்கின் சாட்டா கனெக்டரிலேயே மாட்டும் 2.5 அங்குல எஸ்எஸ்டி, அதுவும் 7 மில்லிமீட்டர் உயரத்தில். பழைய 9.5 மில்லிமீட்டர் டிரைவ் இந்த லேப்டாப்பில் நுழையாது. உள்ளே எம்சாட்டா என்கிற சின்ன அட்டைக்கான ஸ்லாட் ஒன்று இருக்கிறது, ஆனால் அதன் வேகம் செகண்டுக்கு 3 ஜிகாபிட் மட்டுமே. டிஸ்க் இருக்கும் இடத்தில் 6 ஜிகாபிட். 500 ஜிபி போதும் என்று எடுத்துக்கொண்டேன்.

கழற்றுவதற்கு முன் சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ. கடற்காற்று ஊரில் இரும்பு சும்மா இருக்குமா? தலையில் துரு ஏறியிருந்தது. ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஊறவிட்டு, சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்பினேன், வந்துவிட்டது. ஓரத்து மூடியை இழுத்து, டிஸ்க்கில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கைப் பிடித்து மெதுவாக இழுத்தால் டிஸ்க் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதன் இரண்டு பக்கமும் கறுப்பு ரப்பர் பட்டை இருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதைக் கழற்றி எஸ்எஸ்டிக்கு மாட்டினால்தான் உள்ளே ஆடாமல் உட்காரும், கனெக்டரும் நேராகப் பொருந்தும்.

பழைய டிஸ்க்கில் இருந்த விண்டோஸ் 10ஐ அப்படியே நகலெடுத்து (குளோன்) எஸ்எஸ்டியில் போட்டிருக்கலாம். ஆனால் அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த இரண்டாம் தலைமுறை பிராசஸரை ஏற்றுக்கொள்ளாது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து போட்டேன். பேனா உடனே வேலை செய்தது. திரையைச் செங்குத்தாகத் திருப்பும்போது மட்டும் பேனாவின் திசையையும் எக்ஸ்செட்வாக்கம் (xsetwacom) கட்டளையால் திருப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சின்ன ஸ்கிரிப்டாக எழுதி ஒரு ஐகானில் வைத்துவிட்டேன். பேனாவால் எழுதுவதற்கு ஜர்னல்++ (Xournal++) செயலி, கீபோர்டில் தட்டுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு. இப்போது அரை நிமிஷத்துக்குள் எழுதத் தயாராகிவிடுகிறது. நடந்துகொண்டே பக்கம் புரட்டினாலும் நிற்பதில்லை.

எஸ்எஸ்டியால் பிராசஸர் வேகமாகிவிடாது, பிரவுசரில் இருபது டேப் திறந்தால் திணறத்தான் செய்யும். அப்புறம் ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போடும், எஸ்எஸ்டி சத்தமே இல்லாமல் ஒரு நாள் போய்விடலாம். அழித்த கோப்பை அதிலிருந்து மீட்பதும் ரொம்பக் கஷ்டம். பழைய டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் நோட்ஸை அதில் காப்பி எடுத்து வைக்கிறேன்.

உங்களிடம் 2007 மாடல் எக்ஸ்61 டேப்லெட் இருந்தாலும் தாராளமாகப் போடலாம். அதில் சாட்டா வேகம் 1.5 ஜிகாபிட்தான், இருந்தாலும் சின்னக் கோப்புகளில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதற்கும் முந்தைய எக்ஸ்41 டேப்லெட் என்றால் அதில் இருப்பது 1.8 அங்குல ஐடிஇ டிஸ்க், அதன் கனெக்டரே வேறு. இந்த எஸ்எஸ்டி அதற்குப் பொருந்தாது.