பனங்காட்டு டாக்டர்

விடுதியில் நம்மோடு இருந்த திசையன்விளைப் பக்கத்துப் பையன்கள் லீவு முடிந்து திரும்பும்போது ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டுவருவார்கள். (விடுதிச் சாப்பாட்டை வைத்துப் பார்த்தால் நம்மை வளர்த்ததே கருப்பட்டிதான்.) அவர்களில் ஒருவன் இன்று முதுகெலும்பு அறுவை மருத்துவன். பெயர் போட்டால் சண்டைக்கு வருவேன் என்றிருக்கிறான், போடவில்லை.

திருநெல்வேலி ஹைகிரவுண்டு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ்., பிறகு எலும்பு மருத்துவத்தில் எம்.எஸ். ஆர்த்தோ, அதற்கும் மேல் முதுகெலும்புக்கென்று தனிப் பயிற்சி. படிப்புக் கதை இவ்வளவுதான். மிச்சத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது பதநீர்க் காலம்.

பனையிலிருந்து விழுபவரின் காலோ புட்டமோ தரையில் மோதும் வேகம் முதுகெலும்பு வழியே மேலேறும். விலாக்கூடு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில், பெரும்பாலும் 12-ஆம் மார்பு முள்ளெலும்போ முதல் இடுப்பு முள்ளெலும்போ நொறுங்கும். தண்டுவடம் முடிவதும் ஏறக்குறைய அங்கேதான். உடைந்த சில்லு அதை நசுக்கினால் காலும் போகும், சிறுநீர்க் கட்டுப்பாடும் போகும். திருகாணியும் கம்பியும் போட்டு எலும்பை நிறுத்திவிடலாம், செத்த நரம்புக்கு உயிர் கொடுக்க முடியாது என்பதை வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடுவான்.

போன லீவில் அவனைப் பார்க்கப் போனபோது ஒரு பனைவிளையில், விழுந்தவரை எப்படித் தூக்குவது என்று பனையேறிகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தான். மரமேறக் காலில் மாட்டும் தளைநாரும் அரிவாள்பெட்டியுமாக வந்து நின்றவர்களில் ஒருவரை மண்ணில் படுக்கவைத்து, "கைய ஒருத்தன் கால ஒருத்தன் தூக்கப்படாது அண்ணாச்சி. பைக்குல நடுவுல உக்கார வச்சுக் கொண்டாரவே படாது" என்றான். கழற்றிய கதவு ஒன்று தயாராக இருந்தது. ஒருவர் தலையை அசையாமல் பிடிக்க, மற்றவர்கள் தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புரட்டிக் கதவில் ஏற்ற வேண்டும். படுத்திருந்தவர், "எறும்பு கடிக்கி டாக்டரய்யா" என்றார். "அசையாதீரும் வே!"

வார்டில் பனையேறிகள் என்றால், ஓ.பி.யில் நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றும் அம்மாமார். முதுகுவலிக்காரர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி தேவையில்லை என்று பயிற்சி எழுதிக்கொடுத்து அனுப்புகிறான். முதுகெலும்புக் காசநோய்க்கும் முதலில் மாத்திரைதான். நரம்பு நசுங்கினாலோ எலும்பு ரொம்பக் கூன் விழுந்தாலோதான் கத்தி. "ஸ்கேன் எடுத்துட்டு வந்தும் ஆபரேசன் வேண்டாங்காரே" என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இந்தக் குறை எல்லா டாக்டருக்கும் வாய்க்காது.

நம் பழைய விடுதிக்காரர்களின் வெளிநாட்டுச் சங்கம் ஏதாவது செய்யுமா என்று கேட்டான். கால் போனவர்களுக்குச் சக்கர நாற்காலி யாராவது கொடுத்துவிடுகிறார்களாம். வீட்டு வாசல்படியில் ஒரு சாய்தளமும், நாற்காலியோடு உள்ளே போகிற அளவுக்கு ஒரு கக்கூஸும் கட்டித்தரத்தான் ஆளில்லையாம். சங்கச் செயலாளர் கவனிக்கவும்.