சூரனையும் கைவிடாதவன்

தம்பி குடியை விட்டு ஒரு வருஷம் முழுசாக நின்றுவிட்டால், அவனையும் கூட வைத்துக்கொண்டு சஷ்டி விரதம் இருந்து சேலம் அம்மாப்பேட்டையில் சூரசம்ஹாரம் பார்ப்பதாக அம்மாவின் வேண்டுதல். பார்க்க அம்மா இல்லை. பாக்கியை நான் ஏற்றுக்கொண்டேன். இந்த ஐப்பசியில் முருகன் அதைத் தீர்த்துவைத்தான்.

இருவரும் காப்புக் கட்டிக்கொண்டோம். ஆறு நாளும் பாலும் பழமும்தான். நாலாம் நாள் எனக்குத் தலை சுற்றியபோது, "நீ கஞ்சி குடி அக்கா, உனக்கும் சேத்து நான் இருக்கறேன்" என்றான். இந்தப் பிள்ளைக்காகவா அத்தனை ராத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதோம் என்று இருந்தது.

சஷ்டியன்று காலையில் குமரகிரி ஏறினோம். மழை ஈரத்தில் படி வழுக்கியது. என் கையை அவன் விடவேயில்லை. தண்டாயுதபாணி முன் நின்றதும் கேட்க ஒன்றும் தோன்றவில்லை, கண்ணீர்தான் வந்தது.

சாயங்காலம் சுப்பிரமணியர் கோயில் தெருவில் நெரிசல் தாங்கவில்லை. முந்நூறு கொடுத்தால் மாடியில் இடம் பிடித்துத் தருகிறேன் என்று ஒருவர் விடாமல் நச்சரித்தார். சாமி பார்க்கக் காசு பேசுகிறார்களே என்று மனசு கொதித்தது. முன்னால் நின்றவர்கள் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். முருகனின் வேலாயுதத்தை நான் பார்த்ததைவிட அவர்கள் கை இடுக்கைப் பார்த்ததுதான் அதிகம். இடையில் ஒரு மழை வேறு. யாரும் நகரவில்லை.

யானைமுகத் தாரகன் சாய்ந்தான். தேவர்களைச் சிறைவிட்டுவிடு என்று அண்ணனுக்குப் புத்தி சொல்லியும் கேட்காததால், அவனுக்காகவே போருக்கு வந்த சிங்கமுகனும் சாய்ந்தான். அப்புறம் சூரபத்மனின் தலை. சூரன் பொம்மையில் ஒவ்வொரு தலை மாறும்போதும் தம்பி என் தோளை அழுத்திப் பிடித்தான். அவன் குடியும் அப்படித்தான் வந்தது. ஒருமுறை கூட்டாளிகள் பேரில், ஒருமுறை வேலை போன கவலையில், கடைசியில் அம்மாவின் சாவில். தலைதான் வேறு.

போர்க்களத்தில் முருகன் விசுவரூபம் காட்டியபோது சூரன் ஒரு நொடி உருகி, இவரைக் கும்பிட வேண்டுமே என்று நினைத்தானே, அந்த இடத்தை அம்மா அடிக்கடி சொல்வார். உருவம் மறைந்ததும் பழைய ஆணவம் திரும்பிவிட்டது. எத்தனை தடவை தம்பி அம்மா காலில் விழுந்து சத்தியம் செய்துவிட்டு மறுவாரமே தவறியிருப்பான்!

சூரன் மாமரமாக மாறி நின்றதற்கு அடையாளமாக மாமரக் கிளையைக் கொண்டுவந்தார்கள். வேல் பாய்ந்தது. பிளந்த சூரன் சேவலும் மயிலுமாக ஆன இடம் அது. "அரோகரா" என்று தெருவே அதிர்ந்தது. தம்பி மட்டும் சத்தம் போடவில்லை. என் காதருகே குனிந்து, "அக்கா, கும்பிட்டுட்டு மறுபடி சண்டைக்கு வந்தவன்தானே அவன்? அவனையே கொடியிலயும் காலடியிலயும் வெச்சுக்கிட்டாரே!" என்றான். மழைத் தண்ணீர் தேங்கிய தெருவிலேயே விழுந்து கும்பிட்டான். செல்போன் பிடித்திருந்தவர்கள்கூட ஒதுங்கி இடம் விட்டார்கள்.

மறுநாள் திருக்கல்யாணம் எப்படி நடந்தது, அலங்காரம் என்ன என்றெல்லாம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தம்பி எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முருகா, நீ செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடு.