சேவல் கூவிய இடம்: எருசலேமில் பேதுரு அழுத ஆலயம்

எருசலேம் போகிறவர்கள் பலர் சீயோன் மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் இந்த ஆலயத்துக்கு அரை மணி நேரமே ஒதுக்குகிறார்கள். கூரையில் நிற்கும் பொற்சேவலைப் படம் எடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். குறைந்தது ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஞாயிறு மூடியிருக்கும். சீயோன் வாசலிலிருந்து நடந்தால் இறக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் திரும்ப ஏறாமல் கீழேயே வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆலயம் 1931-இல் கட்டப்பட்டது. இயேசுவை விசாரித்த பிரதான ஆசாரியன் காய்பாவின் வீடு இங்கே இருந்தது என்பது மரபு. ஆய்வாளர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் பழைய கற்படிகள் கெதரோன் பள்ளத்தாக்குப் பக்கம் இறங்குகின்றன. பிடிபட்ட இயேசு இந்த வழியே ஏறி வந்திருக்கக்கூடும்.

கூட்டம் நேரே பாதாளக்குழிக்கு ஓடும்; அன்றிரவு இயேசுவை அடைத்து வைத்ததாக மரபு சொல்லும், பாறையில் வெட்டிய குழி அது. நீங்கள் முதலில் கீழ்ச் சிற்றாலயத்தில் உட்காருங்கள். அங்கே மூன்று திருப்படங்கள்: பேதுருவின் மறுதலிப்பு, அழுகை, மீண்டும் சேர்க்கப்படுதல். லூக்கா 22:54–62-ஐ மெதுவாக வாசியுங்கள். இயேசுவோடு சாவுக்கும் தயார் என்ற பேதுரு, ஒரு வேலைக்காரப் பெண்ணின் பேச்சுக்கே அவரை அறியேன் என்று விழுந்தான். 61-ஆம் வசனத்தில் நிறுத்துங்கள்: "கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப்பார்த்தார்." அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. நம் மனஉறுதி நம்மைத் தூக்கி நிறுத்தாது, அந்தப் பார்வைதான் நிறுத்தும்; இதைப் பிடித்துக்கொண்டால் பயணம் வீணாகாது.

பிறகு குழிக்கு இறங்குங்கள். இப்போது படி இருக்கிறது. முன்பு மேலே உள்ள துவாரம் வழியாகக் கயிற்றில்தான் இறக்க முடியும். துவாரத்தின் ஓரத்தில் பழைய சிலுவைக் குறிகள் தெரியும். இங்கே வாசிப்பது 88-ஆம் சங்கீதம், விடியாமலே முடிகிற சங்கீதம். தமிழ் வேதாகமத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பின்னால் வரிசை நிற்கும், ஒருவர் மட்டும் சத்தமாக வாசித்தால் போதும்.

பயணத் திட்டங்களில் பெரும்பாலும் கலிலேயா முதலில் வரும், எருசலேம் பிறகு. முடிந்தால் மாற்றிக் கேளுங்கள். யோவான் 18:18-இல் பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பு. 21:9-இல் உயிர்த்தெழுந்த இயேசு கலிலேயாக் கடலின் கரையில் போட்டிருந்ததும் கரிநெருப்பு. புதிய ஏற்பாட்டில் அந்தக் கிரேக்கச் சொல் வருவது இந்த இரண்டு இடங்களில் மட்டுமே. அந்தக் கடலோரத்தில் இருக்கும் தப்காவின் கரையில் யோவான் 21-ஆம் அதிகாரத்தை இருவராக வாசியுங்கள். ஒருவர், "நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா?" என்று மூன்று தரம் கேட்க, மற்றவர் மூன்று தரமும் பதில் சொல்லட்டும்.