துணிக்கு ஓர் ஆண்டுக் கணக்கு

கடனை அடைக்கத் தொடங்கிய முதல் ஆண்டில், துணிக்கென்று ஒரு காசுகூடச் செலவழிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அலமாரி நிறையத் துணி இருக்கும்போது ஓராண்டைத் தள்ள முடியாதா என்ற எண்ணம்தான். ஏழு மாதங்கள் அப்படியே ஓடின. எட்டாவது மாதத்தில் ஒரு நாள் காலை, அவசரமாகக் கிளம்பும் நேரத்தில், இருந்தவற்றுள் உறுதியானது என்று நான் நம்பியிருந்த கால்சட்டை, தொடைப் பக்கம் நைந்து போய்க் கிழிந்தது. அன்றிரவு கைப்பேசியில் ஒரே ஒரு கால்சட்டை வாங்கலாம் என்று உட்கார்ந்தவன், எழுந்தபோது இரண்டு கால்சட்டை, மூன்று சட்டை, ஒரு ஜோடி காலணி, இன்றுவரை நான்கு முறைகூட அணியாத ஒரு மேலங்கி என ஏழு பொருள்களை வாங்கி முடித்திருந்தேன். எல்லாம் கடன் அட்டையில். மூன்று மாதங்களாக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இறக்கிய அசல், அந்த ஒரே இரவில் மீண்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

துணிக்கு ஒரு தொகையை ஒதுக்கினால் கடன் அடைவது அந்த அளவுக்குத் தாமதமாகும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒதுக்காமல் விட்டதுதான் என்னைத் தாமதப்படுத்தியது. துணி கிழியும், காலணி தேயும், உடம்பு இளைக்கும் அல்லது பெருக்கும்; இவற்றில் எதுவும் கடன் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. கணக்கில் இடம் தராத செலவு, வரும்போது ஒன்றாக வருவதில்லை, சேர்த்து வைத்த ஏக்கத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

அந்த இரவின் விலையைப் பிறகு ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். கடன் அட்டையில் முழு நிலுவையையும் மாதாமாதம் கட்டிவிடுபவர்களுக்குச் சில வாரங்கள் வட்டியில்லாத அவகாசம் கிடைக்கிறது. நிலுவையைச் சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு, பெரும்பாலான அட்டைகளில், அந்த அவகாசம் கிடையாது. புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடுகிறது. மாத வட்டி 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், கட்டாமல் விடப்பட்ட தொகை ஏறக்குறைய 24 மாதங்களில் இரட்டிப்பாகும். நிலுவையில் 5 சதவீதத்தைக் குறைந்தபட்சத் தொகையாகக் கட்டிவருகிறோம் என்றாலும், அதில் பெரும்பகுதியை வட்டி விழுங்கிவிடுவதால், புதிதாக எதுவும் வாங்காமல் இருந்தால்கூடக் கடன் பாதியாகக் குறைய 32 மாதங்கள் ஆகும். பாதி விலைக்குக் கிடைத்தது என்று நான் மகிழ்ந்த சட்டை, நான் கட்டிக்கொண்டிருந்த வேகத்தில், தள்ளுபடி இல்லாத விலையைத் தாண்டிவிட்டிருக்கும். தள்ளுபடி விற்பனையைப் பற்றி இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டாம் ஆண்டில் துணிக்கு ஓர் ஒதுக்கீடு வைத்தேன். மாத ஒதுக்கீடாக வைக்காமல் ஆண்டு ஒதுக்கீடாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மளிகை மாதாமாதம் தீரும். துணி அப்படித் தீர்வதில்லை. நான்கு மாதங்கள் எதுவும் தேவைப்படாது, ஐந்தாவது மாதத்தில் காலணியும் உள்ளாடையும் ஒன்றாகக் கையை விரிக்கும். மாதத்துக்கு இவ்வளவு என்று வைத்தால், அந்தத் தொகை நல்ல காலணிக்குப் போதாது. ஆனால் தேவையில்லாத ஒரு பனியனுக்குச் சரியாகப் போதும். ஆகவே மாதக் கடைசியில் மிச்சம் இருக்கிறதே என்று அந்தப் பனியனைத்தான் வாங்குவோம்.

எவ்வளவு ஒதுக்குவது என்பதற்கு ஊரார் சொல்லும் விகிதங்களை நான் பார்க்கவில்லை. முந்தைய 12 மாதங்களின் வங்கிக் கணக்கையும் அட்டைக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, துணி, காலணி, தையல் கூலி, வீட்டுக்கு அனுப்பும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டினேன். வந்த எண்ணைப் பார்த்துச் சிறிது நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கினேன். அந்தத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து, சம்பளம் வந்த அன்றே, கடன் தவணை போன கையோடு, தனியாக ஒரு சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினேன். இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு: அந்தக் கணக்கில் இருப்பதற்கு மேல் வாங்கக்கூடாது, அட்டையைத் தொடவே கூடாது. ஆண்டின் தொகை இவ்வளவு என்று தாளில் எழுதிவிட்டு, இரண்டாவது மாதமே அட்டையில் வாங்கிக்கொண்டு பிறகு ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதற்குப் பெயர் ஒதுக்கீடு அல்ல, இன்னொரு கடன். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எனக்கு அளந்து போட மட்டும் தெரிந்தால் போதாது, படியையும் வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டியிருந்தது.

வட்டியில்லாத் தவணை என்று விற்பதும் இதே கதைதான். வட்டி இல்லாவிட்டாலும், சேவைக் கட்டணம் என்ற பெயரில் ஏதோ ஒன்று பல இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைவிட, வரப்போகும் மாதங்களின் ஒதுக்கீட்டை இன்றே தின்றுவிடுவதுதான் அதில் எனக்குப் பிடிக்காத பகுதி.

பணத்தைப் பிரிப்பதற்கு முன்பு அலமாரியைக் கவிழ்த்துப் பார்த்தது எனக்குப் பெரும் உதவியாக இருந்தது. கட்டிலின் மேல் எல்லாவற்றையும் குவித்து எண்ணினேன். 23 சட்டைகள் இருந்தன. அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு வரி எழுதி, அணியும் நாளில் அதன் எதிரே பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தால், ஏழு சட்டைகளுக்கு எதிரே புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. ஒன்பது சட்டைகளுக்கு எதிரே ஒரு புள்ளிகூட இல்லை. அந்த ஒன்பதில் நான்கு, அந்த நிறம் எனக்கு ஒத்துவராது என்று தெரிந்தே, விலைக்காக வாங்கியவை. மறுபுறம், நான் நாள்தோறும் நம்பியிருந்த கால்சட்டைகள் மூன்றே மூன்று. எனக்குப் பற்றாக்குறை இருந்த இடம் ஒன்று, நான் வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த இடம் வேறொன்று என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

பணத்தின் அளவோடு எண்ணிக்கையின் அளவும் வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் துணிக்குப் பங்கீடு இருந்ததைப் பற்றிப் படித்திருந்தேன். 1941 ஜூன் 1 அன்று தொடங்கிய அந்த முறையில், முதல் ஆண்டுக்கு ஒருவருக்கு 66 கூப்பன்கள். கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது. ஆண்களின் சட்டைக்கோ கால்சட்டைக்கோ 8 கூப்பன், ஆண்களின் காலணிக்கு 7, பெண்களின் கவுனுக்கு 11 என்று பணத்தோடு கூப்பனையும் கொடுத்தால்தான் துணி கிடைக்கும். போர் முடிந்த பின்னும் 1949 வரை அது நீடித்தது. பற்றாக்குறையால் அரசு திணித்த ஏற்பாட்டை ஒருவன் தானாக விரும்பி மேற்கொள்வது சற்று வேடிக்கையானதுதான். ஆயினும் அந்த முறையில் எனக்குப் பிடித்த ஒன்று இருந்தது: மலிவான சட்டைக்கும் விலையுயர்ந்த சட்டைக்கும் ஒரே கூப்பன். பணத்தை மட்டும் எண்ணினால் கை மலிவானதை நோக்கி நீளும். எண்ணிக்கையையும் சேர்த்து எண்ணும்போது, ஆண்டுக்கு இரண்டு சட்டைதான் என்றால் எந்த இரண்டு என்று யோசிக்கத் தோன்றும். ஆண்டுக்கு எட்டுப் பொருள்கள் என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்தேன். உள்ளாடையும் காலுறையும் மட்டும் இந்த எண்ணிக்கையில் சேரா. ஆனால் அவற்றின் விலை ஒதுக்கீட்டில் சேரும்.

இவ்வளவு ஏற்பாடு செய்தும் இரண்டாம் ஆண்டு ஒழுங்காக முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏழாவது மாதத்தில் நண்பர் ஒருவரின் வீட்டு நிகழ்ச்சிக்கென்று, சேர்ந்திருந்ததையெல்லாம் துடைத்தெடுத்து ஒரு கோட்டு வாங்கினேன். பத்தாவது மாதத்தில் நாள்தோறும் அணியும் காலணியின் அடிப்பாகம் முன்பக்கம் வாயைத் திறந்தது. கணக்கில் அப்போது இருந்த தொகை அந்தக் காலணியின் பாதி விலைக்குக்கூடக் காணாது. அட்டை சட்டைப் பையில்தான் இருந்தது. செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அடிப்பாகத்தை விரலால் விரித்துப் பார்த்து, பசை மட்டும் தடவினால் இரண்டு வாரம்தான் வரும், சுற்றிலும் தைத்துவிட்டால் ஆறு மாதத்துக்குக் கவலை இல்லை என்றார். தைத்த நூல் சற்று வெளிறிய நிறம். முதல் சில நாள்கள் எல்லோரும் என் காலையே பார்ப்பதாகத் தோன்றியது. யாரும் பார்க்கவில்லை. அந்தக் காலணியை எட்டு மாதங்கள் அணிந்தேன்.

அதன் பிறகு ஒதுக்கீட்டில் பாதியைக் காலணிக்கும் அன்றாடக் கால்சட்டைக்கும் என்று பூட்டி வைக்கிறேன். ஒன்பதாவது மாதம் முடியும்வரை அதை வேறு எதற்கும் எடுப்பதில்லை. விசேஷங்களுக்கு அந்தக் கோட்டையே அணிகிறேன். மூன்று நிகழ்ச்சிகளின் படங்களில் ஒரே கோட்டில் நிற்கிறேன் என்று தங்கைதான் முதலில் கண்டுபிடித்தாள். அண்ணனுக்கு அது சீருடை ஆகிவிட்டது என்று இன்றும் கேலி செய்கிறாள். செய்யட்டும்.

இருப்பதை நீடிக்கச் செய்வதுதான் ஒதுக்கீட்டைக் காப்பாற்றுகிறது என்பதால், சலவையில் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். சட்டையையும் கால்சட்டையையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் துவைக்கிறேன். உராய்வால் நிறம் மங்குவதும் இழைகள் சுருண்டு முடிச்சு விழுவதும் வெளிப்பக்கம் குறைகின்றன. நீட்டினால் நீளும் துணிகளைச் சுடுநீரிலும் கடும் வெப்பத்திலும் போடுவதில்லை, ஏனெனில் அவற்றில் கலந்திருக்கும் எலாஸ்டிக் இழை வெப்பத்தில் தளர்ந்து, முட்டிப் பக்கம் பை போலத் தொங்கத் தொடங்கிவிடும். நிறத் துணிகளை நிழலில் உலர்த்துகிறேன். பின்னலாடையை மாட்டித் தொங்கவிடாமல் மடித்து வைக்கிறேன். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொன்னவர்கள், கசக்கும் விதத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு வியப்பளித்தது காலர்தான். சட்டை பெரும்பாலும் முதலில் நைவது காலரின் மடிப்பில். உடம்புப் பகுதி அப்போதும் நன்றாகவே இருக்கும். தையற்காரர் காலரைப் பிரித்து, நைந்த பக்கம் உள்ளே போகும்படி திருப்பித் தைத்துக் கொடுத்தார். பொத்தானைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றால் புதுச் சட்டைதான். புள்ளிகள் மொய்த்த அந்த ஏழு சட்டைகளில் மூன்றுக்கு இப்படிச் செய்தாகிவிட்டது. மூன்றுக்கும் சேர்த்து ஆன கூலி ஒரு புதுச் சட்டையின் விலையில் கால் பங்குக்கும் குறைவு.

ஆண்டு முடிவில் மிச்சம் இருந்தால் என்ன செய்வது என்பதில் எனக்குள்ளேயே இரண்டு கட்சிகள் இருந்தன. அப்படியே கடனில் போட்டுவிடலாம் என்றது ஒன்று. வட்டிக் கணக்குப்படி அதுதான் சரி. ஆனால் மிச்சப்படுத்தினால் கைவிட்டுப் போய்விடும் என்று தெரிந்தால், கடைசி மாதத்தில் எதையாவது வாங்கித் தீர்த்துவிடும் ஆள் நான். ஆகவே பாதியை வட்டி அதிகமான கடனில் கட்டிவிட்டு, பாதியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகிறேன். அடுத்த ஆண்டின் மாதத் தொகையை அதற்காகக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

இது நான்காம் ஆண்டு. வட்டி அதிகமான அட்டைக் கடன் சென்ற ஆண்டு முடிந்தது. மீதமிருக்கும் தனிநபர் கடனில் இன்னும் ஐந்து தவணைகள். எட்டுப் பொருள்களில் ஆறு வாங்கியாகிவிட்டது. துணிக் கணக்கில், இரண்டு பனியனுக்கும் ஒரு ஜோடி காலுறைக்கும் ஆகும் தொகை இருக்கிறது. காலுறையை இந்த வாரமே வாங்க வேண்டும், குதிகால் வெளியே தெரிகிறது. பனியன் அடுத்த மாதம்வரை தாங்கும்.