எண்பத்தேழில் ஒரு பங்கு எஞ்சின்

ஏழு மாதங்களாக மேசைமீது துண்டு துண்டாகக் கிடந்த டீசல் எஞ்சின், சென்ற வாரம்தான் தன் சக்கரங்களில் நின்றது. நீளம் 24 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஈ.எம்.டி. பிரிவு 1972 முதல் தயாரித்த எஸ்.டி.40-2 என்னும் ஆறு அச்சு, 3000 குதிரைத்திறன் லோகோவின் மாதிரி அது. அளவுகோல் எச்.ஓ., அதாவது நிஜத்தில் ஓர் அடியாக இருப்பது மாதிரியில் 3.5 மில்லிமீட்டர் ஆகிறது. விகிதமாகச் சொன்னால் 87-இல் ஒரு பங்கு. பிளாஸ்டிக் மேற்கூட்டையும் மோட்டார் பொருத்திய அடிச்சட்டத்தையும் ஆயத்தமாக வாங்கினேன். மற்றவை பெரும்பாலும் கம்பியும் மெல்லிய பித்தளைத் தகடும் பொறுமையும்.

பெட்டியின் மேல் ‘எஸ்.டி.40-2’ என்று அச்சிட்டிருந்தார்கள். அப்படிப் பொதுவான ஓர் எஞ்சின் எந்தத் தண்டவாளத்திலும் ஓடியதில்லை என்பது வேலையைத் தொடங்கிய பிறகே எனக்குப் புரிந்தது. இந்த வகையில் ஏறக்குறைய நான்காயிரம் எஞ்சின்கள் வெளிவந்தன. வாங்கிய ஒவ்வொரு ரயில் நிறுவனமும் தன் விருப்பப்படி சிலவற்றைச் சேர்க்கச் சொன்னது, சிலவற்றை நீக்கச் சொன்னது. ஓட்டுநர் அறைக்கு முன்னால் இருக்கும் குட்டையான மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட 81, 88, 116, 123 அங்குலம் என்று நான்கு நீளங்கள் உண்டு. இறக்கத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டைனமிக் பிரேக் உள்ளவையும் உண்டு, இல்லாதவையும் உண்டு. அது இல்லாத எஞ்சினின் கூரையில் அதற்குரிய இரண்டு விசிறிகளும் இருக்காது. ரேடியேட்டர் காற்றுவாயை மூடும் வலை முதலில் கம்பிவலையாக இருந்து, பிற்காலத்தில் நெளிதகடாக மாறியது. எரிபொருள் தொட்டியின் கொள்ளளவு, ஹாரன் இருக்கும் இடம், மணி இருக்கும் இடம் என்று வேறுபாடுகள் நீண்டுகொண்டே போகும். ஆகவே ஒரு வகையை அல்ல, ஒரே ஓர் எஞ்சினை, அதுவும் அது ஒரு குறிப்பிட்ட காலத்தில் இருந்த நிலையைத்தான் செய்ய முடியும். பர்லிங்டன் நார்தர்ன் நிறுவனத்தின் பச்சை, கறுப்பு வண்ணத்தில் 1984 கோடையில் எடுக்கப்பட்ட இரண்டு புகைப்படங்கள் என்னிடம் இருந்தன. ஒன்று இடப்பக்கத்தை முழுமையாகக் காட்டியது. மற்றொன்று வலது முன் மூலையிலிருந்து எடுத்தது. அந்தக் கோடையை விட்டு அகலுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தேனே தவிர, இரண்டாம் மாதத்திலேயே அதை மீறினேன். முகப்பைத் தெளிவாகக் காட்டும் மூன்றாவது படம் ஒன்று கிடைத்தது. அதே எண், அதே வண்ணம். முன் மேடையில் கீழ்நோக்கி இரண்டு துணை விளக்குகள். அவை மிக அழகாக இருந்தன. 1.5 மில்லிமீட்டர் எல்.ஈ.டி.க்களை வாங்கி, மேடையில் துளையிட்டு, தலைமுடி போன்ற கம்பியை உள்ளே இழுத்து, எரியவும் வைத்துவிட்டேன். இருப்புப்பாதைக் கடவுகளில் ரயில் வருவதை எளிதில் காணும் பொருட்டு இத்தகைய துணை விளக்குகளை அமெரிக்காவில் கட்டாயமாக்கிய விதி 1997-ஆம் ஆண்டின் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது என்பது அதற்குப் பிறகே நினைவுக்கு வந்தது. படத்தில் தேதி இல்லை. விதிக்கு முன்னரே சில நிறுவனங்கள் பொருத்தத் தொடங்கியிருந்தாலும், என் 1984 படங்கள் இரண்டிலும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. விளக்குகளைப் பிடுங்கி, துளைகளில் பிளாஸ்டிக் தண்டைச் செருகி, உலர்ந்தபின் அரைத்துச் சமப்படுத்த ஒரு வாரம் ஆயிற்று. இன்றும் வலது துளை இருந்த இடத்தை என்னால் கண்டுபிடிக்க முடியும். மற்றவர்களால் முடியாது என்று நம்புகிறேன்.

ஒரு மாதிரி எஞ்சினைப் பொம்மையாகக் காட்டிக்கொடுப்பது எது என்று கேட்டால், நிறத்தையோ எழுத்தையோ சொல்லமாட்டேன். கம்பிகளின் தடிமனைத்தான் சொல்வேன். நிஜ எஞ்சினின் நடைபாதை ஓரமாக ஓடும் கைப்பிடிக் கம்பி ஒன்றேகால் அங்குலக் குழாய் என்று வைத்துக்கொண்டால், எச்.ஓ. அளவில் அது 0.36 மில்லிமீட்டர்தான். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கம்பி அந்த அளவுக்கு மெலிந்தால் கை பட்டதும் முறிந்துவிடும் என்பதால் தயாரிப்பாளர்கள் அதைத் தடித்ததாகவே வார்க்கிறார்கள். அந்தத் தடிமனை நிஜ அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால், ஓட்டுநர் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார் என்றுதான் எண்ணத் தோன்றும். என் எஞ்சினில் இருந்த கைப்பிடிகளை முழுவதுமாக நீக்கிவிட்டு, 0.38 மில்லிமீட்டர் பாஸ்பர் வெண்கலக் கம்பியை இழுத்தேன். பித்தளைக் கம்பி எளிதில் வளையும், வளைந்தபடியே நின்றும்விடும். பாஸ்பர் வெண்கலத்துக்குச் சற்று விறைப்பு உண்டு, தட்டினால் பழைய நிலைக்குத் திரும்பும். தாங்கும் தூண்களுக்கு அமிலத்தில் அரித்தெடுத்த பித்தளைத் தகட்டுத் துண்டுகளைப் பயன்படுத்தினேன். ஒவ்வொரு தூணையும் சட்டத்தில் நிறுத்திப் பற்றவைக்கும்போது பக்கத்துத் தூணின் ஈயம் இளகிச் சரியும். ஈரப்படுத்திய பஞ்சுத் துண்டை இடையில் வைத்து வெப்பத்தைத் தடுக்கலாம் என்பதை மூன்று தூண்களை இழந்த பிறகு கற்றுக்கொண்டேன்.

மூக்கிலும் பின்முனையிலும் ஏணிபோல் அமைந்த சிறு பிடிகம்பிகள் இதைவிடச் சோதித்தன. ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம், அதாவது மாதிரியில் ஐந்தேகால் மில்லிமீட்டர். அவற்றுக்கான துளைகளைக் கையால் சுழற்றும் துளைக்கருவியில் 0.35 மில்லிமீட்டர் அலகைப் பூட்டித்தான் போட வேண்டும். மின்கருவியின் வேகத்தில் பிளாஸ்டிக் உருகி அலகைப் பிடித்துக்கொள்ளும். அளவுகளைப் பென்சிலால் குறித்தால் கோட்டின் தடிமனே பிழையாகிவிடுகிறது. ஆகவே தகட்டுத் துண்டு ஒன்றில் சரியான இடைவெளியில் துளைகளிட்டு, அதை வார்ப்புருவாக ஒட்டவைத்து அதன் வழியாகவே துளைத்தேன். ஏணியின் ஒரு படி கால் மில்லிமீட்டர் விலகினாலும் கண் உடனே அங்கேதான் போகிறது. அதற்குக் காரணம், நாம் தனித்தனிக் கம்பிகளைப் பார்ப்பதில்லை, அவற்றின் வரிசையைத்தான் பார்க்கிறோம்.

கூரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ரயில்களைப் படமெடுப்பவர்கள் பெரும்பாலும் தரையில் நின்று எடுக்கிறார்கள்; மாதிரியைப் பார்ப்பவரோ மேலிருந்து குனிந்து பார்க்கிறார். படங்கள் மிகக் குறைவாகக் காட்டும் பகுதியே மாதிரியில் மிக அதிகமாகக் கண்ணில் படும் பகுதி. என் எஞ்சினின் கூரைப் படம் கிடைக்காததால், அதே கொள்முதலில் வந்த மற்றொரு எஞ்சினைப் பாலத்தின் மேலிருந்து எடுத்த படத்தைத் துணையாகக் கொண்டேன். பின்புறத்தில் ரேடியேட்டருக்கு மூன்று விசிறிகள், நடுவில் டைனமிக் பிரேக்குக்கு இரண்டு. ஒவ்வொன்றும் 48 அங்குல விட்டம், மாதிரியில் சரியாக 14 மில்லிமீட்டர். கூட்டோடு வந்த விசிறிகளில் கம்பிவலையும் இறகுகளும் ஒரே பிளாஸ்டிக் வில்லையாக வார்க்கப்பட்டிருந்தன. எத்தனை கறுப்பு மையை ஊற்றினாலும் வில்லையில் ஆழம் பிறக்காது. ஐந்தையும் வெட்டியெடுத்து, கீழே இறகுகளும் மேலே ஊடுருவிப் பார்க்கக்கூடிய பித்தளை வலையுமாக மாற்றினேன். வேலை முடிந்து விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தபோது, வலையின் நிழல் இறகுகளின்மேல் நகர்ந்தது. ஏழு மாதங்களில் நான் மிகவும் மகிழ்ந்த கணம் எதுவென்றால் அதுதான்.

சில சமரசங்களைச் செய்துதான் ஆக வேண்டும். எச்.ஓ. தண்டவாள இடைவெளியான 16.5 மில்லிமீட்டர், நான்கடி எட்டரை அங்குலத்துக்கு மிகத் துல்லியமாகப் பொருந்துகிறது. ஆனால் வழக்கமான மாதிரிச் சக்கரத்தின் அகலம் 2.8 மில்லிமீட்டர், அதாவது நிஜ அளவில் ஒன்பதரை அங்குலம். உண்மைச் சக்கரம் ஐந்தரை அங்குலத்தை ஒட்டியது. இந்த அகலச் சக்கரத்துக்கு இடம்விட வேண்டியிருப்பதால் சக்கரங்களைத் தாங்கும் அடிவண்டியான போகியின் பக்கச்சட்டங்களும் வெளியே தள்ளியே நிற்கின்றன. மெல்லிய சக்கரங்கள் கிடைக்கும். ஆனால் என் தண்டவாளச் சந்திப்புகளில் அவை இறங்கிவிடும் என்பதால் தொடவில்லை. எடையும் அப்படித்தான். நிஜ எஞ்சின் ஏறக்குறைய 167 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 87-இல் ஒரு பங்காகச் சுருங்கும்போது எடை 87-இன் மும்மடிப் பெருக்கத்தால் வகுபடும். கணக்குப்படி மாதிரி 250 கிராம் அளவில்தான் இருக்க வேண்டும். என்னுடையது அதைப்போல் இருமடங்கு. அந்த எடை இல்லாவிட்டால் சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுழலும், பெட்டிகள் நகராது.

மின்வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்முறைக் கட்டுப்பாட்டுக்கான டிகோடர் ஒன்று, கைவிரல் நகமளவு ஒலிபெருக்கி ஒன்று, முகப்பு விளக்குக்கு மஞ்சள் கலந்த வெண்மை எல்.ஈ.டி., ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ஓம் மின்தடை. நீலம் கலந்த வெள்ளை எல்.ஈ.டி.யை 1984 எஞ்சினில் வைப்பது, அந்தத் துணை விளக்குகளை வைத்ததற்கு ஒப்பான பிழை.

வண்ணம் பூசுவதற்கு முன் கூட்டைச் சோப்பு நீரில் கழுவி, இரண்டு நாள் தூசி படாமல் உலரவைத்தேன். ஒரே ஒரு விரல்ரேகையின் எண்ணெய்ப்பசை போதும், பூச்சு அங்கே பிடிக்காது. சாம்பல்நிறப் பிரைமர் பூசியதும், அதுவரை ஒளிந்திருந்த கீறல்கள் அனைத்தும் தெரிந்தன. அவற்றைச் சரிசெய்து மறுபடியும் பிரைமர், பிறகு பச்சை. புட்டியில் இருந்த பச்சை, நிறுவனத்தின் புத்தம்புதிய எஞ்சினுக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் பல கோடைகளைக் கண்ட எஞ்சினுக்கு அது பொருந்தாது. அதுமட்டுமன்றி, சிறிய பொருளின்மேல் பூசிய நிறம் பெரிய பொருளின்மேல் பூசிய அதே நிறத்தைவிட இருண்டு தெரிகிறது. தொலைவிலுள்ள நிஜ எஞ்சினுக்கும் நமக்கும் இடையே காற்றும் ஒளியும் நிறத்தை வெளிறச் செய்கின்றன, மாதிரிக்கு அந்தத் தொலைவு கிடையாது. ஆகவே பச்சையில் ஏழில் ஒரு பங்கு வெண்மையைக் கலந்தேன். மேல்பகுதிக்குரிய கறுப்பில் உண்மையான கறுப்பே இல்லை, அடர்சாம்பல்தான். ஏர்பிரஷ்ஷில் சதுர அங்குலத்துக்கு 18 பவுண்டு அழுத்தத்தில் மெல்லிய நான்கு பூச்சுகள் கொடுத்தேன். தடித்த ஒரே பூச்சாக அடித்திருந்தால் கதவுக் கீல்களும் ஆணித்தலைகளும் அதில் மூழ்கியிருக்கும்.

எழுத்துகளும் எண்களும் நீரில் நனைத்து ஒட்டும் டெக்கால் தாள்கள். சொரசொரப்பான மங்கல் பூச்சின்மேல் அவற்றை ஒட்டினால் அடியில் காற்று சிக்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளிபோல் பளபளக்கும். ஆகவே முதலில் பளபளப்பான வார்னிஷ், பிறகு டெக்கால், பிறகு அதைக் கதவு விளிம்புகளில் படியவைக்கும் மென்மையாக்கும் திரவம். அந்தத் திரவம் பட்டதும் டெக்கால் சுருங்கிக் கோணலாகும். பதறிப்போய்த் தொட்டால் கிழிந்துவிடும். விட்டுவிட்டால் தானே விரிந்து படியும். எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவதே நல்லது.

எஞ்சியது வெதரிங், அதாவது வெயில், மழை, புகை, புழுதி ஆகியவற்றின் தடத்தை ஏற்றுதல். எல்லா இடத்திலும் துருவை அப்பிவிடும் மாதிரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டத்தில் இருக்கும் டீசல் எஞ்சினின் உடலில் துரு அவ்வளவு எளிதில் பிடிப்பதில்லை. அழுக்குக்கும் தனித்தனிக் காரணங்களும் இடங்களும் உண்டு. டர்போசார்ஜர் புகைபோக்கியின் கரி, கூரையின்மேல் அதன் இருபுறமும் படிகிறது, ஏனெனில் எஞ்சின் இரண்டு திசையிலும் ஓடுகிறது. போகிகளின்மேல் தண்டவாளத்திலிருந்தும் பிரேக் கட்டைகளிலிருந்தும் எழும் பழுப்புத் தூள். சக்கரத்தின் முன் வழுக்கலைத் தடுக்கத் தூவும் மணலின் வெளிறிய பொடி, மணற்குழாயின் வாயருகே மட்டும். எரிபொருள் தொட்டியின் நிரப்புவாய்க்குக் கீழே டீசல் வழிந்த கோடு ஈரமாக மினுங்கும். சுற்றியுள்ள மங்கலுக்கு நடுவே அந்த ஒரு கோட்டுக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷைத் தொட்டேன். மழைக்கோடுகளுக்கு எண்ணெய்ச் சாயத்தைப் புள்ளியாக வைத்து, டர்பன்டைன் தோய்த்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்து, இழுத்ததில் பெரும்பகுதியைத் துடைத்தெடுத்துவிட்டேன்.

ஒரு தவறை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். நிறத்தூளை அளவாகத் தூவி, படத்தோடு ஒப்பிட்டு மனநிறைவு அடைந்தபின் மங்கல் வார்னிஷை அடித்தேன். தூளில் பாதி கண்ணெதிரே மறைந்துபோயிற்று. வார்னிஷின் ஈரம் தூளை ஒளி ஊடுருவத்தக்கதாக்கிவிடுகிறது. அடுத்த முறை அளவுக்கு மீறித் தூவிவிட்டு வார்னிஷ் அடிப்பதா, அல்லது வார்னிஷுக்குப் பிறகு தூவிவிட்டுக் கைபடாமல் வைத்திருப்பதா என்று யோசித்து, கூரையில் இரண்டாவது வழியைப் பின்பற்றினேன். அதனால் இந்த எஞ்சினை இனி அடிச்சட்டத்தைப் பிடித்து மட்டுமே தூக்க வேண்டும்.

ஓட்டுநர் அறைக் கண்ணாடிகளை எல்லாவற்றுக்கும் பின்னர், வெள்ளைப் பசையால் ஒட்டினேன். உடனடிப் பசையின் ஆவி கண்ணாடியைப் பனிமூட்டம்போல் வெளுக்கச் செய்யும். முன்கண்ணாடிகளில் வைப்பர் துடைத்த விசிறி வடிவத்தை மறைத்தாளால் மூடிக்கொண்டு புழுதி அடித்து, தாளை உரித்தேன். அதன்பிறகு மாதிரியைச் சன்னலருகே வைத்து, கேமராவைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி, 1984 படத்தின் கோணத்திலேயே ஒரு படம் எடுத்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஒரு வேறுபாடு தெரிந்தது. நிஜ எஞ்சினின் முன்புறக் காற்றுக் குழல்கள் தம் எடையால் தொய்ந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து தொங்குகின்றன. என்னுடையவை அணிவகுப்பில் நிற்பதைப்போல் நேராக நிற்கின்றன. இடுக்கியை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.