செவித்திறன் வல்லுநரின் அறையில்

பெரியப்பாவின் செவிப் பரிசோதனையை முன்னிட்டு, புதுச்சேரியில் பணியாற்றும் செவித்திறன் வல்லுநர் ஒருவருடன் அண்மையில் பழக்கம் ஏற்பட்டது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர் வேறு, இவர் வேறு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கேட்கும் திறனை அளப்பதும், கருவியை அவரவர் காதுக்கு ஏற்றபடி அமைத்துப் பழக்குவதும் இவருடைய வேலை.

ஒலி புகாத அறையில் பெரியப்பாவை அமர்த்தி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மிக மெல்லியதாக அனுப்பி, கேட்டவுடன் பொத்தானை அழுத்துமாறு சொன்னார். முடிவைக் குறித்த தாளில், ஒலியின் சுருதி உயர உயர, கேட்கும் திறனைக் காட்டும் கோடு வலப்புறம் சரிந்துகொண்டே போயிற்று. முதுமையில் உயர்சுருதி ஒலிகளே முதலில் குறைவதால், உயிரெழுத்துகள் கேட்டாலும் ச, ஸ, ஃப போன்ற ஓசைகள் நழுவிவிடுகின்றன என்றும், "சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியல" என்று பெரியவர்கள் சொல்வது அதனால்தான் என்றும் விளக்கினார். இதற்குக் கத்திப் பேசிப் பயனில்லை. முகம் பார்த்து நிதானமாகப் பேசுவதே மேல்.

என்னை அதிகம் வியக்கவைத்தது பச்சிளங்குழந்தைகளுக்கான சோதனை. காதுக்குள் ஒலி அனுப்பியதும் நலமான உட்செவி தானே எழுப்பும் மெல்லிய எதிரொலியை, காதில் வைத்த நுண்ணிய ஒலிவாங்கி பதிவு செய்துவிடுகிறது. குழந்தை தூங்கினால் இன்னும் நல்லது. 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே அவர்கள் பின்பற்றும் கணக்கு.