கூரையில்லாத கோயிலும் ஒட்லி மண்டபமும்

வட்டுக்கோட்டையில் இருக்கும் யாழ்ப்பாணக் கல்லூரி என்றதும் எனக்கு முதலில் நினைவில் வருவது வகுப்பறை இல்லை, வளவுக்குள் நிற்கும் பழைய கிறிஸ்தவக் கோயில்தான். சித்திரை வெயில் கொளுத்தும் மத்தியானத்திலும் உள்ளே குளிர்ந்திருக்கும். ஒருநாள் சரித்திர ஆசிரியர் எங்களை அங்கே கூட்டிப்போய், “தம்பி, அந்த யன்னலுக்குள்ளாலை கையை நீட்டிப் பார்” என்றார். முழங்கை தாண்டியும் வெளிச்சுவர் எட்டவில்லை.

போர்த்துக்கேயர் காலத்துக் கோயில் இருந்த இடத்தில் ஒல்லாந்தர் 1678இல் எடுப்பித்தது அது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரின் கைக்கு வந்தபோது கூரை இல்லை, சுவர்தான் மிச்சம். அவர்கள் அதை இடிக்காமல் கூரை போட்டார்கள். அந்த ஒரு முடிவுக்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

1823இல் அந்த மிஷனரிமாரில் ஒருவரான டானியல் பூவர் தலைமையில் இதே இடத்தில் வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் தொடங்கியது. தமிழ், ஆங்கிலம், சமஸ்கிருதம், கணிதம், வானசாத்திரம் எல்லாம் அங்கே படிப்பித்தார்கள். இலங்கை அரசின் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒருசேர வைக்கத்தக்கது என்று இதைப்பற்றி எழுதினார். அது வெறும் புகழ்ச்சி இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் இங்கே படித்தவர்கள். ஏட்டுச்சுவடியில் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றியவர் அதே தாமோதரம்பிள்ளைதான்.

நீதியரசர் சேர் ரிச்சர்ட் ஒட்லியின் பெயர் தாங்கிய ஒட்லி மண்டபம் அந்தச் செமினரிக் காலத்தது. காலைக் கூட்டத்துக்கு அங்கே நிற்கும்போது, இதே நிலத்தில் இவர்களும் நின்றிருப்பார்களே என்று நினைப்பேன். அதிபர் என்ன அறிவித்தார் என்பது பாதி காதில் விழாது.

ஆனால் 1855இல் செமினரியை மூடிவிட்டார்கள். ஊழியம் தாய்மொழியில்தான் நடக்க வேண்டும், ஆங்கில உயர்கல்விக்கு மிஷன் பணம் செலவழிக்கக் கூடாது என்பது அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் எண்ணம். பதினேழு வருடம் இங்கே உயர்கல்வி இல்லை. செமினரியில் படித்தவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் சும்மா இருக்கவில்லை. கல்லூரி வேண்டும் என்று கேட்டார்கள், காசு சேர்த்தார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது. ஹேஸ்ரிங்ஸ் முதல் அதிபரானார்.

எங்கள் கல்லூரி பழைய மாணவர் கேட்டு வாங்கிய கல்லூரி. இந்தக் குளிர்நாட்டில் பழைய மாணவர் சங்கத்துக்குச் சந்தாப் பணம் கட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினேழு வருடமும்தான் நினைவுக்கு வருகிறது. போன முறை ஊருக்குப் போனபோது மகளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனேன். அதே யன்னலடியில் நிறுத்தி, “கையை நீட்டிப் பார், பிள்ளை” என்றேன்.